முந்நூறு கனம்

மண் கிடங்கில் அவளுக்குக் 'கனஅடி' என்றுதான் பெயர். முதலாளி கேலியாக வைத்தது நாளடைவில் கூப்பிடு பெயராகி ஒட்டிக்கொண்டது. தோட்டம் போடப் போகிறோம் என்று யார் தொலைபேசியில் பேசினாலும் அவள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, மண்ணு எத்தனை கனம் போடணும்?" மூன்றுக்கும் பதில் வந்த அடுத்த மூச்சில் இத்தனை கன அடி என்று சொல்லிவிடுவாள். மேசையில் கால்குலேட்டர் ஒன்று இருந்தது. தாள் பறக்காமல் இருக்க அதைப் பாரமாக வைத்திருந்தாள்.

இதை வைத்து அவளைப் பெரிய கெட்டிக்காரி என்று சொல்லிவிட முடியாது. பத்தொன்பது வருடங்களுக்கு முன் அவள் அங்கே சேர்ந்தது மூட்டை வாய் தைக்க. கோணி ஊசியும் சணல் நூலுமாகக் கிடங்கின் மூலையில் உட்கார்ந்து இரண்டு வருடம் தைத்தாள். மண்ணைச் சட்டி சட்டியாக அள்ளி மூட்டையில் போடுவதும் அவள் வேலைதான். கூம்பாக நிறைத்துப் போட்டால் இரண்டு சட்டி ஒரு கன அடி. இரண்டு வருடம் அதையே செய்தால் யாருக்கும் கை பழகிவிடும். ஒரு நாள் மேசையில் இருந்த எழுத்தர் ஒரு பாத்திக்குக் கணக்குப் போட்டு லாரியை அனுப்ப, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே அவள், "இன்னும் நாப்பது சட்டி வேணும், அனுப்பினது பத்தாது" என்றாள். எழுத்தர் முறைத்தார். சாயங்காலம் லாரி இன்னொரு நடை போக வேண்டியிருந்தது. அந்த எழுத்தர் வேறு வேலைக்குப் போனபோது முதலாளி அவளைக் கூப்பிட்டு, "ஊசியைக் கீழ வச்சிட்டு பேனாவை எடு" என்றார். அவ்வளவுதான் அவளுடைய பதவி உயர்வு.

மேசைக்கு வந்த பிறகுதான் மண்ணின் குணம் அவளுக்கு முழுதாகப் புரிந்தது. லாரியில் வருகிற மண் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். கொட்டிப் பரப்பி நாலு தடவை தண்ணீர் விட்டால் மூச்சை விட்டு உட்கார்ந்துவிடும். அதனால் ஐந்து பங்கு வேண்டிய இடத்துக்கு ஆறு பங்கு அனுப்புவாள். வாடிக்கையாளர்கள் சும்மா விடுவார்களா?

"அஞ்சு கேட்டா ஆறு தலையில கட்டுறியே, நல்லா இருக்கா?"

"மிச்சத்தை நான் என்ன பொறந்த வீட்டுக்கா கொண்டு போகப் போறேன்? ஒரு மாசம் கழிச்சு உங்க செடி குழிக்குள்ள நின்னு என்னைத் திட்டும். பரவாயில்லையா?"

மழை பெய்த மறுநாள் லாரியில் சுமையைக் குறைப்பாள். நனைந்த மண் காய்ந்த மண்ணைவிட எவ்வளவு எடை கூடும் என்று லாரிக்காரருக்கு அவளைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும், "இன்னொரு பத்து சட்டி ஏத்தும்மா, இன்னொரு நடை மிச்சமாகும்" என்பார். "வண்டி உக்காந்துட்டா நீங்கதாண்ணே தோள்ல தூக்கிட்டு வரணும்" என்பாள். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீட்டில் குடியிருந்தாள். கணவர் பேருந்து நடத்துநர். "ஊருக்கெல்லாம் மண்ணு அளந்து குடுக்குறா, வீட்டுல ஒரு தொட்டி உண்டா பாருங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவள், "வெல்லக்கடைக்காரன் வீட்டுலயும் வெல்லத்தைக் கொட்டி வைப்பானா?" என்பாள். இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கிடங்கில் கனம் என்றால் தடிமன். பாத்தியில் மண் எத்தனை அங்குலம் நிற்கிறது என்பது அதன் கனம். பலகைக் கடையிலும் கண்ணாடிக் கடையிலும் அப்படித்தான் சொல்வார்கள். தூக்கிப் பார்த்தால் தெரிகிற பாரத்துக்குக் கிடங்கில் எடை என்று பெயர். இரண்டையும் அவர்கள் ஒரு நாளும் குழப்பிக்கொண்டதில்லை. ஆனால் கிடங்கின் வாசலைத் தாண்டினால், பை கனமாக இருக்கிறது என்று சொல்கிற எல்லோருக்கும் கனம் என்றால் பாரம். அவளும் கடைக்குப் போய்த் திரும்பும்போது அப்படித்தான் சொல்வாள். ஒரே வாயில் இரண்டு அர்த்தத்தையும் வைத்துக்கொண்டு பத்தொன்பது வருடம் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருந்திருக்கிறாள். சொற்கள் அப்படி ஒத்துழைப்பது நம் சாமர்த்தியத்தால்தான் என்று நினைத்துக்கொள்கிறோம்.

அந்த வருடம் ஒரு குழந்தைகள் காப்பகத்தின் மொட்டை மாடியில் தோட்டம் போட மண் கேட்டு வந்தார்கள். வேலைக்குப் போகும் தாய்மார்கள் காலையில் விட்டு மாலையில் கூட்டிப்போகும் இடம். கீழே ஒரு பெரிய கூடம், சமையலறை, குழந்தைகளுக்கான கழிவறை. மேலே வெறும் தளம். பாத்தி ஆறு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம். கிடங்கிலிருந்து மாடிக்கு மண் போவது அதுதான் முதல் தடவை. அதுவரை போட்டதெல்லாம் தரையில். தரை எதையும் தாங்கும். அதனால் அவள் பொறுப்பாகவே நடந்துகொண்டாள். காப்பகத்தின் நிர்வாகியிடம் கேட்டு, கட்டடத்தைப் பார்த்த பொறியாளரின் எண்ணை வாங்கி அவளே பேசினாள். பொறியாளர் ஒரு பெண். எங்கோ கலவை இயந்திரத்தின் பக்கத்தில் நின்று பேசினார்.

"மேடம், காப்பகத்து மாடித் தோட்டத்துக்கு மண்ணு கேட்டிருக்காங்க. எத்தனை கனம் வரைக்கும் போடலாம்?"

"முந்நூறு. அதுக்கு மேல துளிகூடப் போகக் கூடாது."

"போதும் மேடம், செடிக்குத் தாராளம்."

"தாராளமோ இல்லையோ, எல்லை அதுதான். மொத்தம் எவ்வளவு வருது உங்களுக்கு?"

"ஆறுக்கு நாலு பாத்தி. ஏழு புள்ளி ரெண்டு."

"எனக்கும் அதேதான் வருது. சரி, போடுங்க."

இரண்டு பேரும் திருப்தியாகத் தொலைபேசியை வைத்தார்கள். அவள் வழக்கம்போல மண் உட்காருவதற்கு ஒரு பங்கு சேர்த்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை மாலைக்குள் லாரி நான்கு நடை போய் வந்தது. கூலிக்காரர்கள் சட்டி சட்டியாக மாடிக்கு ஏற்றிப் பரப்பினார்கள். செடிகள் அடுத்த வாரம் வருவதாக ஏற்பாடு.

காப்பகத்தில் ஓர் ஆயா இருந்தார். ஐம்பது வயதிருக்கும். மண் ஏறத் தொடங்கியதிலிருந்து கிடங்குக்கு மூன்று முறை தொலைபேசி செய்துவிட்டார். படியெல்லாம் மண் என்று ஒரு தடவை. லாரிப் புகை கூடத்துக்குள் வருகிறது என்று ஒரு தடவை. கூலிக்காரர் ஒருவர் குழந்தைகளின் குவளையில் தண்ணீர் குடித்துவிட்டார் என்று ஒரு தடவை. முதலாளி அவருக்குப் 'புகார்ப் பெட்டி' என்று பெயர் வைத்தார். பெயர் வைப்பதில் அவருக்கு அலுப்பே கிடையாது.

வியாழக்கிழமை காலை மறுபடியும் மணி அடித்தது.

"கனஅடிதானே? நான் காப்பகத்து ஆயா பேசுறேன்."

"சொல்லுங்கம்மா. படியை அன்னைக்கே கழுவி விட்டாங்களே?"

"படி கெடக்கட்டும். பிள்ளைங்க கழிவறைக் கதவு சாத்த மாட்டேங்குது. திங்கக்கிழமை வரைக்கும் பட்டுன்னு சாத்துச்சு. உங்க மண்ணு மேல ஏறினதுலேர்ந்து மேல்பக்கம் இடிக்குது. ஆள் அனுப்புங்க."

முதலாளி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆயாவுக்குக் கேட்கும்படியாகவே, "மாடியில மண்ணைப் போட்டா கீழ கதவு எப்படி இடிக்கும்? நாளைக்கு அவங்க வீட்டுப் பால் திரிஞ்சாக்கூட நம்ம மண்ணுதான்னு சொல்லுவாங்க போலிருக்கே" என்றார். கிடங்கே சிரித்தது. அவளும் சிரித்தாள். "பாக்குறேம்மா" என்று தொலைபேசியை வைக்கும்போதும் அந்தச் சிரிப்பு முகத்தில் இருந்தது.

பிறகு அது தானாகவே நின்றது. கதவைச் சுற்றி நிலை. நிலைக்கு மேலே சுவர். சுவருக்கு மேலே தளம். தளத்தின் மேல் தன்னுடைய மண். மேலே இருப்பது ஒரு மயிரிழை கீழே இறங்கினாலும் முதலில் சொல்லப்போவது கதவுதானே?

அவள் எழுந்து கிடங்கின் பின்பக்கம் போனாள். காப்பகத்துக்குப் போன மண் குவியலில் மிச்சம் கொஞ்சம் இருந்தது. செடித் தொட்டிபோல அடியில் ஓட்டை போட்ட பத்து லிட்டர் வாளி ஒன்றை எடுத்து அதில் மண்ணை அழுத்தி நிரப்பினாள். ஓட்டை வழியாகச் சொட்டும்வரை தண்ணீர் ஊற்றினாள். சொட்டுவது நிற்கும்வரை நின்றாள். பிறகு மூட்டை நிறுக்கும் தொங்கு தராசில் மாட்டினாள். வாளியைக் கழித்தால் பதினேழரைக் கிலோ.

பத்து லிட்டர் பதினேழரை. பாத்தி முழுக்க நனைந்தால் பன்னிரண்டரை டன். அவர்களுடைய லாரி ஒரு நடைக்கு இரண்டே முக்கால் டன் ஏற்றும். மழை பெய்தால் நான்கு லாரிக்கும் மேலான பாரம் சக்கரம் இல்லாமல் குழந்தைகளின் தலைக்கு மேல் நிற்கும். இதைப் பொறியாளர் நினைத்துப் பார்த்துத்தான் முந்நூறு என்று சொன்னாரா?

கை மண்ணோடு தொலைபேசியை எடுத்தாள்.

"மேடம், அந்த முந்நூறு... மில்லிமீட்டர்தானே?"

கலவை இயந்திரத்தின் சத்தத்துக்கு மேல் பொறியாளர் குரலை உயர்த்தினார்.

"கிலோ. சதுர மீட்டருக்கு முந்நூறு கிலோ. நீங்க கனம்னுதானே கேட்டீங்க?"

"நாங்க கனம்னா தடிமனைச் சொல்லுவோம் மேடம்."

"ஐயோ" என்றார் பொறியாளர். பிறகு, "ஏழு புள்ளி ரெண்டுன்னு சொன்னீங்களே?"

"கன மீட்டர்."

"நான் டன்னுன்னு நினைச்சேன்."

இருபத்துநான்கு சதுர மீட்டரை முந்நூறு மில்லிமீட்டர் தடிமனால் பெருக்கினாலும் ஏழு புள்ளி இரண்டு. முந்நூறு கிலோவால் பெருக்கினாலும் ஏழு புள்ளி இரண்டு. இரண்டு பேரும் ஒருவரையொருவர் சரிபார்த்துக்கொண்டார்கள். சரிபார்த்ததுதான் தவறை மூடியது. எண் ஒத்துப்போனால் பேச்சும் ஒத்துப்போய்விட்டது என்று நம்புவது மனிதர்களின் பழைய பழக்கம்.

"பிள்ளைங்களை முதல்ல வெளிய கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. நான் வரேன். மழை வர்றதுக்குள்ள பாதி மண்ணு கீழ இறங்கணும்" என்றார் பொறியாளர்.

நிர்வாகியின் எண் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஆயாவை அழைத்தாள். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "அம்மா, தப்பு எங்க மேல. மாடியில பாரம் அதிகமாயிடுச்சு. பிள்ளைங்களை வெளிய..." என்று தொடங்கினாள்.

"சரி" என்று ஆயா வைத்துவிட்டார்.

எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கிறவர் அன்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவளும் முதலாளியும் லாரியில் போய் இறங்கியபோது இருபத்திரண்டு குழந்தைகளும் எதிரே இருந்த சைக்கிள் கடையின் பின்முற்றத்தில் உட்கார்ந்து, பழுதுக்கு வந்த மணிகளை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

வழியில் முதலாளி ஒரு வார்த்தைதான் பேசினார். "உன் கணக்கு தப்பாதே?"

"கணக்கு தப்பலைங்க. கேட்டது சரியில்ல."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தாள். காப்பக வாசலில் இறங்கியதும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "சட்டி எங்க?" என்றார். அவர் சட்டி தூக்கி அவள் பார்த்ததே இல்லை.

பொறியாளர் வந்து மாடியில் சுண்ணாம்புக் கோடு போட்டார். நடுவிலிருந்து எடுக்க வேண்டும், எங்கேயும் குவிக்கக் கூடாது, மேலே ஒரே நேரத்தில் ஆறு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. படியில் வரிசையாக ஆட்கள் நின்று சட்டியைக் கைமாற்றினார்கள். லாரிக்காரர், கூலிக்காரர்கள் நான்கு பேர், முதலாளி, சைக்கிள் கடைக்காரர். காலை வேலை முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த கணவரையும் வரவழைத்தாள். அவர் நிலைமையைக் கேட்டு முகம் வெளுத்தார். ஆனாலும் பழக்கம் விடுமா? "பத்தொன்பது வருஷமா கொட்டிக்கிட்டே இருந்தவ, இன்னைக்குத்தான் அள்ளுறா" என்று படியில் நின்று சொன்னார். லாரிக்காரர், "எடம் இருக்கு, உள்ள போங்க உள்ள போங்கன்னு சொல்லிப் பழகுன ஆளு நீங்க. சட்டியை வாங்குங்க மொதல்ல" என்றார். அந்த இடத்தில் யாராவது சிரித்தது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

முந்நூறு சட்டிக்கு மேல் இறங்க வேண்டும். அவள் மேலே நின்று மட்டக்கோலால் குத்திப் பார்த்துக்கொண்டே எண்ணினாள். மூன்று மணிக்கு மேற்கே கறுத்தது. இருநூற்றைம்பது தாண்டியபோது முதல் தூறல். தார்ப்பாயை இழுத்து மூடி, விளிம்பில் செங்கல் வைத்துவிட்டு எல்லோரும் கீழே இறங்கி சைக்கிள் கடைக் கூரையின் கீழ் ஒதுங்கினார்கள். அந்த அரை மணி நேரம் அவள் காப்பகத்தின் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நின்ற ஆயா குழந்தைகளை எண்ணினார். முடித்துவிட்டு மறுபடியும் எண்ணினார். மழை விட்டதும் மிச்சச் சட்டிகளை இறக்கினார்கள். வெளிச்சம் இருக்கும்போதே மட்டக்கோல் எங்கே குத்தினாலும் பதினைந்து சென்டிமீட்டர் என்று காட்டியது.

மறுநாள் பொறியாளர் ஏணி போட்டு ஏறி, விளக்கடித்துத் தளத்தின் அடிப்பக்கம் முழுவதையும் பார்த்தார். ஒரு நூலளவு விரிசல்கூட இல்லை. கழிவறைக் கதவைப் பார்க்கத் தச்சரும் வந்திருந்தார். அவர் நிலையைத் தட்டிப் பார்த்தார், கதவை ஆட்டிப் பார்த்தார், பிறகு சிரித்தார்.

"தளமும் இல்ல, கிளமும் இல்ல. மேல் கீலுல ரெண்டு திருகாணி கழண்டிருக்கு. ஏதோ வாண்டு கைப்பிடியைப் பிடிச்சு ஊஞ்சலாடியிருக்கு."

கொஞ்சம் நீளமான திருகாணி இரண்டு போட்டார். கதவு பட்டென்று சாத்தியது.

முதலாளிக்கு உயிர் வந்தது. "நான் அன்னைக்கே சொல்லல? மாடிக்கும் கதவுக்கும் என்ன சம்பந்தம்?"

பொறியாளர் சிரிக்கவில்லை. அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "தப்புல பாதி என்னோடது. எண்ணைச் சொன்னேன், கிலோன்னு சொல்லல. அறிக்கையில நானே எழுதிக் குடுத்துடறேன்" என்றார்.

"மண்ணை இறக்காம மழை பெஞ்சிருந்தா தாங்கியிருக்குமா மேடம்?"

"தாங்கியிருக்கலாம். கொஞ்சம் கூடுதலாவே தாங்குற மாதிரிதான் கட்டுவோம். தாங்காமலும் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாமலே போனதுல எனக்கு நிம்மதி."

அன்றைக்கு வீட்டுக்குப் போனவள் சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நன்றி நிறைய இருந்தது. அதை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று தெரியவில்லை. கழன்ற திருகாணிக்கு நன்றி சொல்ல முடியுமா? ஊஞ்சலாடிய குழந்தை யாரென்றே தெரியாது. தெரிந்தால் அடிதான் விழும். ஆயா சொன்ன புகாரோ அடியோடு தவறு. நமக்கு ஒருவர் நல்லது செய்யும்போது, செய்ய வேண்டும் என்று நினைத்துச் செய்திருக்கிறார் என்பதால் நன்றி சொல்கிறோம். இங்கே யாரும் எதையும் நினைத்துச் செய்யவில்லை. நடக்காமல் போன ஒன்றுக்குச் சாட்சியும் இல்லை.

"திருகாணி கழண்டதுக்கு ஏன்டி இப்படி மண்டையை உடைச்சிக்கிற?" என்றார் கணவர்.

"மூணு தடவை பேசினாங்க. மூணு தடவையும் சிரிச்சோம். நாலாவது தடவை அவங்க பேசாம இருந்திருக்கலாம் இல்லையா?"

அவர் யோசித்தார். "நானா இருந்தா விட்டிருப்பேன்" என்றார்.

"நானும்தான்."

அது பிடிபட்ட பிறகுதான் அவளால் சாப்பிட முடிந்தது. திங்கட்கிழமை கிடங்கில் மண் கேட்கிறவர்களுக்கு எழுதும் சீட்டின் அச்சை மாற்றச் சொன்னாள். கனம் என்று இருந்த கட்டத்தை அடித்துவிட்டு, உயரம் என்று ஒன்றும் நனைந்த எடை என்று ஒன்றுமாக இரண்டு கட்டம் போட வைத்தாள். இரண்டிலும் அலகு அச்சாகவே வர வேண்டும் என்றாள். முதலாளி, "கட்டம் ரெண்டானா சீட்டு நீளுமே" என்று முனகிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு மதியம் அனுமதி கேட்டுக்கொண்டு காப்பகத்துக்குப் போனாள். குழந்தைகள் கூடம் முழுக்கப் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஆயா ஓரமாக உட்கார்ந்து சின்னச் சின்னப் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்தார். அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து, தானும் ஒரு போர்வையை எடுத்து மடித்தாள்.

"உங்களுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன்மா."

"எனக்கு எதுக்கு?" ஆயா குரலைத் தாழ்த்திக்கொண்டே கோபப்பட்டார். "கதவுக்கும் உங்க மண்ணுக்கும் சம்பந்தமே இல்லைன்னு தச்சர் ஊர் பூரா சொல்லிட்டாரு. உங்க முதலாளிகிட்ட மன்னிப்புக் கேளுன்னு நிர்வாகி சொல்றாங்க."

"கேக்காதீங்க."

"கேக்க மாட்டேன். இடிச்சது இடிச்சதுதானே?"

"நீங்க பேசலைன்னா நான் வாளியில மண்ணை நிறுத்தே பாத்திருக்க மாட்டேன். நாங்க சிரிச்சும் நீங்க விடலை பாருங்க. அதுக்குத்தான்."

ஆயா மடிப்பதை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். கேலி ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுவது தெரிந்தது. தூங்குகிற பிள்ளைகளின் பக்கம் பார்வையை ஓடவிட்டார். உதடு அசைந்தது, எண்ணுகிறார் போலும். பிறகு மடித்த போர்வைகளைத் தள்ளி வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அப்படின்னா இன்னொண்ணும் சொல்லிடறேன். மாடித் தண்ணி எறங்குற குழாய்ல உங்க ஆளுங்க மண்ணைத் தள்ளி விட்டிருக்காங்க. சனிக்கிழமை மழையில தண்ணி எறங்கவே இல்ல, மேலயே குளமா நின்னுச்சு."

தண்ணீர் ஒரு சென்டிமீட்டர் உயரம் நின்றால் சதுர மீட்டருக்குப் பத்துக் கிலோ. கணக்கு அவளைக் கேட்காமலே ஓடியது.

"எந்தக் குழாய்மா?"

"ரெண்டு இருக்கு. வாங்க, காட்டுறேன்" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஆயா எழுந்தார். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நீட்டிக் கிடந்த குட்டிக் கால்களை மிதித்துவிடாமல், அவர் பின்னாலேயே படியேறப் போனாள்.